பெயர் எழுதாத பெட்டிகள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிலிமத்தலாவையில் உனக்கு நூலக வேலை கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். 1963 முதல் இறையியல் கல்லூரி இயங்கும் ஊர் அது. பேராதனைப் பல்கலைக்கழகமும் பக்கத்தில்தான். பழைய தாள் தேடி வருகிறவர்கள் உன் கதவையும் தட்டுவார்கள்.

பின்னறையில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த பெட்டிகள் குவிந்து கிடப்பதாகவும், ஒவ்வொரு தாளையும் பட்டியலிட்ட பிறகே அவற்றை வாசகருக்குத் திறக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். அந்த எண்ணத்தை விட்டுவிடு. நீ ஓய்வுபெறும் நாளிலும் அந்த வேலை முடிந்திருக்காது.

அந்தப் பெட்டிகளில் செக்ரோல் என்ற தொழிலாளர் வருகைப் பேரேடு இருந்தால் ஒன்றைப் பிரித்துப் பார். இடப்பக்கம் பெயர்கள். எதிரே மாதத்தின் நாளுக்கொரு கட்டம், வேலைக்கு வந்ததற்கு ஓர் அடையாளம். ஓரத்தில் அரிசிக்கும் முற்பணத்துக்கும் பிடித்த கணக்கு. வெறும் சம்பளக் கணக்கு என்று ஒதுக்கிவிடாதே. 1948இல் பெரும்பாலான தோட்டத் தமிழரின் குடியுரிமை பறிபோனது. மறுவருடச் சட்டப்படி விண்ணப்பித்தவர்கள், 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது: மணமானவருக்கு 7 வருடம், மணமாகாதவருக்கு 10 வருடம். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. தோட்டத்து லயத்தில் பிறந்து லயத்திலேயே வளர்ந்தவருக்கு வேறென்ன அத்தாட்சி? தோட்டத்துப் பேரேட்டில் ஒரு வரிதான். தாத்தாவின் பெயரைத் தேடி இன்று ஒரு பேத்தி வந்தால், அந்த வரி எந்தப் பெட்டியில் என்று உன்னால் காட்ட முடிய வேண்டும்.

ஆகவே பெட்டிக்கு ஒரு பக்கம் எழுது, போதும். எந்தத் தோட்டம், யார் தந்தது, எந்த ஆண்டுகள், என்ன வகைத் தாள், எந்த மொழி, எந்த நிலையில் இருக்கிறது. அமெரிக்காவில் ஆவணக் காப்பாளர்களான மார்க் கிரீனும் டெனிஸ் மெய்ஸ்னரும் 2005இல் இதையேதான் வாதிட்டார்கள்: எல்லாவற்றையும் நுணுக்கமாகச் செய்ய முனைவதால்தான் குவியல் வளர்கிறது, முதலில் எல்லாவற்றுக்கும் சுருக்கமான விவரம், பிறகு தேவையானதற்கு மட்டும் விரிவு. எங்கள் நூலகங்களில் ஆளும் குறைவு, காசும் குறைவு. இந்த முறை எங்களுக்கு இன்னும் பொருந்தும்.

கோவைகள் வந்த வரிசையைக் கலைக்காதே. தோட்டத் துரையின் கடிதத்துக்கு அடியில் கங்காணியின் மனு இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். விஷயவாரியாகப் பிரித்து அடுக்கினால் அந்தக் காரணம் போய்விடும். துருப்பிடித்த ஊசிகளை எல்லாம் கழற்றிக்கொண்டு மாதக்கணக்கில் உட்காராதே; தாளைத் தின்னத் தொடங்கியவற்றை மட்டும் எடு. ஈரத்தைத்தான் நீ பொறுத்துக்கொள்ளக் கூடாது. மழைக்காலத்தில் கண்டிப் பக்கத்துச் சுவர் வேர்க்கும். பெட்டிகளைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி வை. பூஞ்சணம் கண்டதை அன்றே வேறு அறைக்கு மாற்று.

எல்லாம் திறந்துவிடவும் கூடாது. மருத்துவக் குறிப்பும் பொலிஸ் முறைப்பாடும் உயிரோடு இருப்பவர்களைச் சுடும். அப்படியானவை உள்ள பெட்டியின் விவரப் பக்கத்திலேயே அதைக் குறித்து, பொறுப்பாளரிடம் கேட்டபின் கொடு.

ஸ்கேன் செய்ய ஆசைப்படுகிறாய். நல்லதுதான், இணைய நூலகம் நடத்தும் நூலகம் நிறுவனம் 2005 முதல் அந்த வேலையில் எவ்வளவோ காப்பாற்றித் தந்திருக்கிறது. ஆனால் விவரம் எழுதாத பெட்டியை ஸ்கேன் செய்தால், தேட முடியாத தாள் தேட முடியாத படமாகும், அவ்வளவுதான். பட்டியல் முதலில். அதன் பிரதி ஒன்று வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. அதைப் பார்த்த தலைமுறை நாங்கள்.

இந்த மாதமே தொடங்கு. வாசலுக்கு அருகில் உள்ள பெட்டியை முதலில் எடு. எழுதி முடித்த பக்கங்களை அவ்வப்போது வாசகர் மேசையில் வை, முழுப் பட்டியலுக்காகக் காத்திராதே. முதல் பத்துப் பக்கங்களை எனக்கும் அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் அக்கா