குவாண்டம் இலக்கமுறைக் கையொப்பம்

நெடுங்கேணியிலிருந்து கொழும்புக்கு அனுப்பப்படும் மின்னாவணம் உரியவருடையதா, வழியில் மாற்றப்பட்டதா என அறிய உதவுவது இலக்கமுறைக் கையொப்பமாகும். இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் கையொப்பத்தை அங்கீகரிக்கின்றது.

பிரச்சினை: பேரெண்களைக் காரணிப்படுத்துதல் கடினம் என்பதிலேயே ஆர்.எஸ்.ஏ. கையொப்பத்தின் பாதுகாப்பு தங்கியுள்ளது. போதிய வலுவுள்ள குவாண்டம் கணினி இதனை விரைவாகச் செய்யும் என 1994 இல் பீற்றர் ஷோர் காட்டினார். அப்போது போலிக் கையொப்பம் இடலாம்.

தீர்வு: 2001 இல் கொட்டெஸ்மன், சுவாங் ஆகியோர் குவாண்டம் கையொப்பத்தை முன்மொழிந்தனர். பின்னர் எளிமையாக்கப்பட்ட ஒரு முறையின் படிகள் வருமாறு:

1. அனுப்புநர் பெறுநர் இருவருடனும் போட்டன்கள் மூலம் வெவ்வேறு சாவிகளைப் பகிர்வார். இடையில் ஒற்றுக்கேட்டால் போட்டன்களின் நிலை குழம்பி, வழுக்கள் கூடும்.
2. பெறுநர்கள் எழுமாறாகத் தெரிந்த பாதிச் சாவியைத் தமக்குள் இரகசியமாக மாற்றிக்கொள்வர். எப்பகுதி எவரிடம் உள்ளது என அனுப்புநர் அறியார்.
3. செய்தியுடன் இரு சாவிகளும் அனுப்பப்படும். பொருந்தாமை குறித்த எல்லைக்குள் இருப்பின் செய்தி ஏற்கப்படும்.

கவனிக்க: 2022 பெப்ரவரியில் இந்தியாவில் பிரயாக்ராஜ் – விந்தியாசல் இடையே 100 கி.மீ. இற்கு மேல் நிகழ்த்தப்பட்டது சாவிப் பகிர்வே, கையொப்பம் அன்று.

வினா: அனுப்புநர் தம் கையொப்பத்தைப் பின்னர் மறுக்க முடியாதது ஏன்?
விடைக் குறிப்பு: படி 2. ஒருவர் ஏற்கவும் மற்றவர் நிராகரிக்கவும் தக்கதாகச் சாவியைத் திரிக்க அவரால் இயலாது.