பக்கவாதமும் தாள நடைப் பயிற்சியும்

பக்கவாதத்தை நம் முன்னோர் வாத நோய்களுள் ஒன்றாகக் கொண்டனர். மலாய் மொழியில் அதற்கு 'ஆங்கின் அஹ்மார்', அதாவது செங்காற்று என்று பெயர். இரு மொழியிலும் பழி காற்றின் மீதே விழுந்திருக்கிறது. உண்மையில், மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ இந்நோய் உண்டாகிறது. முகம் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் உடனே 999 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்புக் கைநழுவிப் போகும்.

உயிர் பிழைத்தவருக்கு அடுத்த கவலை நடை. விடியுமுன் மேடும் பள்ளமும் ஏறி இறங்கி நிரை நிரையாகப் பால்மரம் சீவியவருக்கு, வீட்டு வாசலிலிருந்து குளியலறை வரை செல்வதே பெரும்பாடாகிவிடுகிறது. வலுக்குறைந்த கால் உடற்பாரத்தை நெடுநேரம் தாங்காது. ஆகவே நல்ல கால் அவசரமாகத் தரையைத் தொடுகிறது. ஓரடி நீளம், ஓரடி குறுக்கம் என நடை கோணுகிறது. இதனைச் சீராக்கத் தாளம் துணைபுரிகிறது.

நமக்கு இது முற்றிலும் புதிதன்று. நெடுவழி நடக்கும் யாத்திரிகர்களுக்கென்றே தமிழில் வழிநடைச் சிந்து என்னும் பாடல்வகை உண்டு. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலையில் காவடி எடுப்போரின் கால்களை மேளம் எவ்வாறு நடத்திச் செல்கிறது என்பதைக் கண்டவர் அறிவர். செவிக்கும் கால்களை இயக்கும் மூளைப் பகுதிகளுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. ஒலி ஒழுங்காக வரும்போது, அடுத்த ஒலி எப்போது வரும் என்பதை மூளை முன்னதாகவே உணர்ந்து தசைகளை ஆயத்தப்படுத்துகிறது.

மைக்கேல் தவுட் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் 78 நோயாளிகள் மூன்று வாரம் பயிற்சி பெற்றனர். தாளத்தோடு நடந்தவர்கள், வழக்கமான பயிற்சி பெற்றவர்களைக் காட்டிலும் நடைவேகத்திலும் அடியின் நீளத்திலும் கூடுதலாகத் தேறினர்.

பயிற்சி எளியது. ஆயினும் மருத்துவரும் பிசியோதெரபி சிகிச்சையாளரும் இசைந்த பின்னரே தொடங்கவேண்டும். முதலில் தாளமின்றி நோயாளி ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுக. 50 அடி என்றால் தாளமும் நிமிடத்திற்கு 50 தட்டாகவே இருக்கட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடி. நடை நிலைபெற்ற பின் நூற்றுக்கு ஐந்து வீதம் கூட்டி, 52 அல்லது 53 ஆக்கலாம். இறுதியில் ஒலியைச் சற்று நிறுத்தி, அதே ஒழுங்கில் நடக்கச் செய்யவேண்டும். பால் வாளியைத் தட்டினாலும் தாளந்தான். ஆனால் தட்டுகிறவரின் கை தம்மையறியாமல் விரைவு கொள்ளும். கைபேசியிலுள்ள தாளச் செயலி அவ்வாறு தடுமாறாது.

பலர் தவறுவது இங்கேதான். விரைவில் குணமாகட்டும் என்ற ஆவலில் விறுவிறுப்பான உறுமி மேளப் பாடலை வைத்துவிடுகின்றனர். நோயாளி அதனைத் துரத்த முயன்று கீழே விழுகிறார். தாளம் அவருடைய காலுக்கு ஏற்றதாக இருக்கவேண்டுமேயன்றி, குடும்பத்தாரின் ஆவலுக்கு ஏற்றதாக அன்று. உடன் நடப்பவர் வலுக்குறைந்த பக்கத்தில், சற்றே பின்னால் நிற்கவேண்டும். ஈரத் தரையும் வாரில்லாத செருப்பும் ஆகா. தலைசுற்றலோ மார்வலியோ மூச்சுத் திணறலோ கண்டால் அப்பொழுதே நிறுத்துக.

ஜார்ஜ் டவுனிலுள்ள பினாங்கு மருத்துவமனையில் பிசியோதெரபி சிகிச்சை பெறலாம். 1996இல் தொடங்கப்பெற்ற நாசாம் எனும் தேசியப் பக்கவாதச் சங்கத்திற்கும் பினாங்கில் மறுவாழ்வு நிலையம் உண்டு. பெர்க்கேசோ சந்தாதாரர்கள், 2014இல் மலாக்காவில் திறக்கப்பெற்ற அதன் மறுவாழ்வு மையத்தைப் பற்றி அருகிலுள்ள பெர்க்கேசோ அலுவலகத்தில் விசாரிக்கலாம். சிகிச்சைக்குச் செல்லும்போது, வீட்டில் உடன் நடக்கப்போகிறவரும் செல்லுதல் நன்று. அடிகளை எண்ணும் முறையையும் தாங்கிப் பிடிக்கும் முறையையும் அங்கேயே கேட்டுப் பழகிக்கொள்ளலாம்.