கேக் மேல் டிவிசனுக்குப் போகும் வழி

பதுளை ஸ்டேசனில் இப்போது புதுப் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். கையில் வெள்ளை அட்டைப்பெட்டி, காலடியில் சோடாக் கட்டு, முகமெல்லாம் பதற்றம். தோட்டத்துக் கல்யாணங்களுக்குக் கேக்கும் குடிவகைகளும் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையைப் புதிதாக எடுத்திருக்கிறவர்கள். பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரைப் பக்கம் நாற்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையைத்தான் நான் செய்தேன். முழங்கால் விட்டுப்போனதால் நிறுத்தினேன். தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பிள்ளைகளா, கேட்டுக்கொள்ளுங்கள்.

1. முதல் வேலை, கேக் எத்தனை தடவை கைமாறும் என்று எண்ணுவது. கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் இப்போது கேக்கை அங்கேயே செய்வித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். பேக்கரியிலிருந்து ஓட்டோ, ஓட்டோவிலிருந்து கோட்டை ஸ்டேசன், அங்கே ரயில் பெட்டி, பதுளையில் பிளாட்போம், பிறகு வேன், தோட்டத்து டிராக்டர், கடைசியில் தொழிலாளர் வரிசை வீடான லயத்துப் படிக்கட்டு. ஏழு இடம். ஓடுகிற வண்டிக்குள் கேக் உடைந்து நான் பார்த்தது மிகக் குறைவு. உடைவதெல்லாம் இந்த ஏழு இடத்தில்தான். ஒவ்வொன்றிலும் யார் கொடுப்பது, யார் வாங்குவது என்று முதல் நாளே பெயர் குறித்துவிடுங்கள். வாங்குகிறவர் "பிடிச்சிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை கொடுக்கிறவர் கையை எடுக்கக் கூடாது.

2. எந்தக் கேக் மலையேறும், எது ஏறாது என்று தெரிந்திருக்க வேண்டும். நம் கல்யாணத்துக்கு ரிச் கேக்கை மிஞ்ச ஒன்றுமில்லை. ரவை, பட்டர், முட்டை மஞ்சட்கரு, கஜு, முந்திரிகை வற்றல், பூசணித் தோசி, இஞ்சித் தோசி, தேன் எல்லாம் சேர்ந்து கனமாக இறுகி நிற்கும். பழங்கள் பிரண்டியிலோ, மது வேண்டாத வீட்டில் பழச்சாற்றிலோ ஊறியிருக்கும். சரியாகச் சுற்றி வைத்தால் பிரண்டி ஊறியது வாரக்கணக்கில் கெடாது, வழியிலும் உதிராது. பட்டர் கேக் இரண்டாம் பட்சம். பிரெஷ் கிரீம் பூசியதை ஐஸ் பெட்டி இல்லாமல் கொழும்பிலிருந்து பொறுப்பெடுக்கவே வேண்டாம். கோட்டையிலிருந்து பதுளைக்குச் சுமார் 290 கிலோமீட்டர். அந்தப் பயணத்தில் ஒரு பகல் போய்விடும், கண்டி தாண்டும்வரை வெயிலும் விடாது.

நம் பக்கத்திலேயே செய்வதானால் உயரத்தைக் கணக்கில் எடுங்கள். பதுளை டவுன் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அப்புத்தளை 1,400 மீட்டருக்கு மேல். அங்கே தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் கேக் சட்டென்று எழும்பி, வேகுமுன்னே நடுவில் குழிந்துபோகும். அப்புத்தளைப் பக்கம் செய்கிறவர்கள் பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் குறைத்துப் போடுவது அதனால்தான். பதுளையில் பழகிய அளவை அப்படியே மேலே கொண்டுபோய் வீணாக்கியவர்களைக் கண்டிருக்கிறேன்.

3. மேசையில் நிற்கிற பெரிய கேக் பெரும்பாலும் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகைதான். விருந்தாளி சாப்பிடுகிற துண்டு தனியே சின்னப் பெட்டியில் இருக்கும். இதை மறைக்க வேண்டிய அவசியமில்லை, வீட்டாருக்கு முன்கூட்டியே விளங்கப்படுத்துங்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் வெட்டுகிற இடத்தில் மட்டும் உண்மையான கேக் இருந்தால் போதும், அது எந்தப் பக்கம் என்று வெட்டும் முன் அவர்கள் காதில் போட்டுவிடுங்கள். துண்டு ஒன்று 50 கிராம் என்று வைத்தால் 200 பேருக்குப் 10 கிலோ. பெட்டிகளின் பாரத்தையும் சேர்த்தால் ஒருவர் இரண்டு கையிலும் தூக்குகிற அளவு. அதை ஒரே மூட்டையாகக் கட்டாமல் இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று நனைந்தாலும் மற்றது மிஞ்சும்.

4. அடுக்குகளைக் கூட்டி எடுத்துப் போகாதீர்கள்.

இதை நான் படித்துக்கொண்டது ஒரு தாயின் முன்னால். மூன்றடுக்குக் கேக், அந்த வீட்டார் ஆசைப்பட்டு மூன்றும் உண்மையான கேக்காகவே செய்வித்தது. மேலே மண்டபத்தில் நேரம் இருக்காது என்று பயந்து பதுளையிலேயே தூண் வைத்துக் கூட்டிவிட்டேன். டவுனிலிருந்து தோட்டத்துப் பெக்டரிவரை வேனில் ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து மேல் டிவிசனுக்கு டிராக்டர் பெட்டி. கொழுந்துச் சாக்கை விரித்து அதன்மேல் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் கேக்கை வைத்துக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பின்சக்கரம் கல்லில் ஏறி இறங்கியது. சத்தமே கேட்கவில்லை. என் பக்கத்துத் தூண் இரண்டும் கீழ் அடுக்குக்குள் மெதுவாக இறங்கின, ஈர மண்ணில் கம்பு இறங்குகிற மாதிரி. மேல் அடுக்கு என் நெஞ்சில் வந்து சாய்ந்தது. சட்டையெல்லாம் வெள்ளை ஐசிங்.

பந்தலடியில் பொண்ணின் அம்மா நின்றிருந்தார். பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பரவாயில்ல தம்பி, நீங்க விழலயே" என்றார். அந்தக் கேக்குக்காக அவர் எத்தனை நாள் மழையில் நின்று கொழுந்து பறித்து ஒரு நாள் பேர் போட்டிருப்பார், எத்தனை நாள் கொழுந்து நிறை குறைந்து அரைநாள் கூலிக்கான அரைப்பேராகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றிலிருந்து ஒரு அடுக்குக்கு ஒரு பெட்டி. கீழ் அடுக்குக்குள் ஐசிங் மட்டத்துக்கு வெட்டிய மூங்கில் குச்சி, அதன்மேல் பலகை, பிறகுதான் அடுத்த அடுக்கு. எல்லாம் மேசைக்கு வந்தபின்.

தோட்டத்துச் சம்பளம் 2021இல்தான் நாளுக்கு 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350. உங்கள் கையிலிருக்கிற பெட்டியை அந்தக் கணக்கில் நிறுத்துப் பாருங்கள்.

5. ரயிலில் எங்கே வைப்பது? மேலே சாமான் தட்டில் வைக்கவே வேண்டாம். நம் பாதையில் வளைவு அதிகம், பெட்டி பக்கவாட்டில் ஆடிக்கொண்டே வரும். மேலே ஆட்டம் கூடும், தரையில் குறையும். சக்கரத்துக்கு நேர்மேலே இல்லாமல் பெட்டியின் நடுப்பகுதியில், சீட்டுக்கு அடியில் சாக்கோ ரப்பர் விரிப்போ போட்டு வையுங்கள். சுரங்கம் வருமுன் ஜன்னலை மூடுங்கள். டீசல் புகை உள்ளே சுருண்டு வந்தால் வெள்ளை ஐசிங்கில் சாம்பல் படியும், துடைத்தால் இன்னும் மோசம். பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையில் பாதை 1,898 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. அங்கே குளிரும் பனிமூட்டமும், கீழே இறங்கினால் சூடு. குளிர்ந்த கேக்கைச் சூட்டில் உடனே திறந்தால் வியர்க்கும், சர்க்கரைப் பூவின் சாயம் கரைந்து ஒழுகும். ஆகவே பதுளையில் இறங்கி அரை மணித்தியாலமாவது பெட்டியை மூடியே வைத்திருங்கள்.

எல்ல தாண்டியதும் எழுந்துவிடுங்கள். ஒன்பது வளைவுப் பாலத்தில் ஆட்கள் படம் எடுக்க வாசலுக்கு ஓடுவார்கள், கால் பெட்டியில் படும். தெமோதரை ஸ்டேசனை விட்டு ரயில் ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேசனுக்குக் கீழேயுள்ள சுரங்கத்தால் போகும். அந்தச் சுற்றில் ஒரு கை பெட்டிமேல் இருக்கட்டும். 1924இல் பதுளைக்கு ரயில் வந்தபோது ஏற்றிப்போகக் காத்திருந்தது தேயிலை. நம் வீட்டுக் கல்யாணச் சாமான் அதே பாதையால் மேலே வருவது எனக்கு இன்றைக்கும் சந்தோசம்.

6. நடுவழிச் சிறு ஸ்டேசனில் இறங்குவதானால் ரயில் நிற்பது ஓரிரு நிமிடம்தான். பிளாட்போம் தாழ்வு, படி உயரம். முதலில் ஆள் இறங்க வேண்டும், பிறகு கேக், கடைசியில் போத்தல். ஜன்னலால் ஒன்றும் கொடுக்க வேண்டாம், பெட்டி சரியும். எந்தப் பெட்டியில் வருகிறீர்கள் என்று கீழே நிற்கிறவருக்கு முன்னதாகவே போன் பண்ணிவிடுங்கள்.

7. குடிவகை. ஒன்றரை லீட்டர்ப் போத்தல் ஒன்றில் எட்டுத் தம்ளர் வரும். 200 பேருக்கு 25 போத்தல், பாரம் 38 கிலோவுக்குக் கிட்ட. கண்ணாடிப் போத்தலானால் காலியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கணக்கும் சேரும். கேக்கும் சோடாவும் ஒரே வண்டியில் போனால் சோடா முன்னாலும் கீழேயும், கேக் பின்னாலும் தனியேயும். பாரமானது எப்போதும் இறக்கத்தில் முன்னுக்கு வழுக்கும். கொழும்பில் நிரப்பிய சோடா மேலே வரும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்திருக்கும், குலுங்கியும் இருக்கும். வந்தவுடன் திறந்தால் பாதி நுரையாகப் போகும். ஒரு மணித்தியாலம் நிமிர்த்தி வைத்துவிட்டுத் திறங்கள்.

தை மாதக் கல்யாணத்துக்குச் சோடாவைக் குறைக்கச் சொல்லுங்கள். அந்தக் குளிரில் கிழவர்கள் கேட்பது சுடச்சுடச் சாயத்தண்ணி. இஞ்சி தட்டிப் போட்ட ஒரு பானை சாயம் இருந்தால் 10 போத்தல் மிஞ்சும்.

8. சாராயத்தைப் பற்றிக் கேட்பீர்கள். என் முறை இதுதான்: வீட்டார் பில்லோடு வாங்கித் தந்ததை அப்படியே கொண்டுபோய், எண்ணி, அவர்கள் சொன்ன ஒருவர் கையில் கொடுப்பேன். நான் வாங்கி விற்றதில்லை, வழியில் திறக்க விட்டதில்லை. போயா தினத்தில் மதுக்கடை பூட்டு, முகூர்த்தம் போயாவை ஒட்டி வந்தால் வீட்டாருக்கு முன்னமே ஞாபகப்படுத்துங்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இளவட்டங்களின் கையில் போத்தலைக் கொடுத்தனுப்பக் கூடாது. கப்பலில் வேலை செய்கிற நம் பையன் ஒருவன் சொன்னான்: பல உல்லாசக் கப்பல்களில் ஏறும்போது பெரியவர் ஒருவருக்கு 750 மில்லிலீட்டர் வைன் போத்தல் ஒன்றுதான் விடுவார்களாம், கடும் மது எடுத்துப் போனால் வாங்கி வைத்துவிடுவார்களாம். பணக்காரர் ஏறுகிற கப்பலிலேயே அப்படி ஒரு கட்டு இருக்கிறது. லயத்தில் அந்தக் கட்டை வைக்க வேண்டியவர் பொண்ணின் தகப்பன். அவரிடம் தனியே, மரியாதையாக, அளவைக் குறையுங்கள் என்று ஒரு தரம் சொல்லுங்கள். சாராயத்தால் சண்டை வந்து பந்தலோடு நின்றுபோன சந்தோசங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன், அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

9. மழையைக் கேளாமல் புறப்படாதீர்கள். ஐப்பசியிலிருந்து தைவரை நம் பக்கத்து மண் பொறுமையிழந்து இருக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் பதுளை மாவட்டமே துண்டு துண்டானது, ரயில் பாதையும் அறுந்தது; புறப்படுமுன் ரயில் எதுவரை ஓடுகிறது என்றும் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். கேக் இல்லாமலும் தாலி ஏறும். ஆவணிக் கல்யாணத்தில் வேறு தொல்லை. அது ஊவாத் தேயிலைக்கு வாசனை ஏற்றுகிற காய்ந்த காற்றின் காலம், அதே காற்று ஐசிங்கை வெடிக்க வைக்கும். பொலித்தீனால் மூடி எடுத்துப் போங்கள்.

10. இடத்தைச் சேர்ந்ததும் செய்ய வேண்டியது. கொழுந்து நிறுக்கிற மடுவமோ, லயத்து முற்றமோ, பந்தலடியோ, எதிலும் தரை மட்டமாக இராது. மேசைமேல் தட்டையான கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம்தான் தாழ்வு, அந்தப் பக்கத்துக் காலுக்கு அட்டை மடித்து வையுங்கள். பிறகு நாலு காலுக்கும் நாலு தண்ணிச் சிரட்டை, எறும்புக்காக. முட்டை சேர்ந்த கேக் என்பதால் கோவிலுக்குள் கொண்டுபோக வேண்டாம், தாலி கட்டி முடியும்வரை வெளியே இருக்கட்டும். உடைந்ததை ஒட்ட ஐசிங் சீனி, தேசிக்காய், ஒரு முட்டை, தட்டைக் கத்தி, ரிபன், உபரிப் பூ எல்லாம் ஒரு டின்னில் எப்போதும் உங்கள் கூடவே இருக்க வேண்டும். அந்த டின் இருந்தால் கை நடுங்காது.

11. இறக்கிக் கொண்டுவருவதும் உங்கள் வேலைதான். ரெஜிபோம் அடுக்கு, ஸ்டாண்ட், தூண், போத்தல் பெட்டி எல்லாம் எழுதி வைத்த துண்டைப் பார்த்து எண்ணி எடுங்கள். இரவோடு இரவாக எடுக்க நிற்காதீர்கள், விடிந்து, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பிரட்டு முடிந்தபின் வரும் டிராக்டரில் கீழே இறக்கலாம். காலிப் போத்தலோடு ஈரச் சாக்கையும் சேர்த்துக் கட்டினால் உடையாது.

12. புறப்படுமுன் நாலைந்து கேக் பெட்டியை வீட்டாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று டிராக்டர் ஓட்டினவருக்கு, ஒன்று தண்ணி தூக்கின பிள்ளைக்கு. மிச்சத்தை எடுத்துக்கொண்டு லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் நடவுங்கள். மண்டபத்துக்கு ஏறி வர முடியாத பாட்டி ஒருத்தி அங்கே கட்டாயம் இருப்பார். ரிச் கேக் மெத்தென்று இருக்கும், பல் இல்லாவிட்டாலும் சாப்பிடலாம். பெட்டியை அப்படியே கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ரிபனை நீங்களே அவிழ்த்து, பேப்பரைப் பிரித்துக் கொடுங்கள். ஐம்பது வருடம் கொழுந்து பறித்த விரலுக்கு அந்தச் சின்ன முடிச்சு பிடிபடாது.