விண்பொருட் பட்டியல்களை ஒப்பிடுதலும் தேடல் ஆரத்தின் எல்லையும்

வெவ்வேறு கருவிகளால், வெவ்வேறு காலங்களில் அளந்து எழுதப்பட்ட இரு வானப் பட்டியல்களில் ஒரே பொருளை அடையாளங் காண்பது எங்ஙனம்? முதற் பட்டியல் தரும் இடத்தை மையமாகக் கொண்டு ஒரு சிறு வட்டம் வரைந்து, அதனுள் இரண்டாம் பட்டியலின் பொருள் எது விழுகின்றதெனப் பார்ப்பதே வழக்கம். அவ்வட்டத்தின் ஆரமே தேடல் ஆரம். ஆரம் குறுகின் உண்மையான இணை தப்பும். விரியின் தொடர்பற்ற அயற்பொருள் இணையாகப் புகும். முன்னது பட்டியலில் வெற்றிடமாக நின்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். பின்னது சரியான விடைபோலவே தோன்றுமாதலின் அதுவே அபாயமானது.

நம் நாட்டு உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிரத்தில் நாராயண்காவ் அருகே, கோடாட்டிலுள்ள ராட்சத மீட்டரலை வானொலித் தொலைநோக்கியைக் கொண்டு, 150 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் 2010 முதல் 2012 வரை வானம் அளவிடப்பட்டது. 2017-இல் வெளியான பட்டியலில் ஏறத்தாழ 6,20,000 வானொலி மூலங்கள் உள்ளன. இவ்வளவையின் பிரிதிறன் 25 விகலை. ஆனால் மூலங்களின் இடம் 2 விகலை அளவிற்குத் துல்லியமாகக் கிடைக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி 25 விகலையையே தேடல் ஆரமாக வைத்துக்கொள்வோர் உளர். அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

கையா விண்கலத்தின் மூன்றாம் வெளியீட்டில் (2022) ஏறத்தாழ 180 கோடிப் பொருள்கள் உள்ளன. முழு வானத்தின் பரப்பு 41,253 சதுரப் பாகை. ஆகவே ஒரு சதுரப் பாகைக்குச் சராசரி 43,600 பொருள்கள்; ஒரு சதுர விகலைக்கு 0.0034. வட்டத்தின் பரப்பை இதனாற் பெருக்கின், தற்செயலாக உள்ளே விழும் அயற்பொருள்களின் சராசரி எண்ணிக்கை கிடைக்கும். ஆரம் 1 விகலையாயின் 0.01, 6 விகலையாயின் 0.38, 25 விகலையாயின் 6.6! ஆரம் இருமடங்காயின் அயற்பொருள் நான்மடங்காகும் என்பதை மாணவர் மனத்தில் நன்கு பதியவைத்தல் வேண்டும்.

இனி மறுபக்கம். இரு பட்டியல்களின் பிழைகளையும் வர்க்கித்துக் கூட்டி மூலங் காணின் கூட்டுப்பிழை கிடைக்கும். கையாவின் பிழை மிக நுண்ணியதாகலின் இங்கு ஒவ்வோர் அச்சிலும் 2 விகலை எனக் கொள்ளலாம். ஆரம் இதன் இருமடங்காயின் உண்மை இணைகளுள் நூற்றுக்கு 13.5 தப்பும், மும்மடங்காயின் 1.1 தப்பும். மும்மடங்கிற்கு வெளியே நூற்றுக்கு 0.3-தான் என்று பலர் மனனஞ் செய்திருப்பர். அது ஒரே அச்சில் அளப்பதற்குரிய கணக்கு. வானம் இரு பரிமாணமுடையது.

பிழை வேறு, இயக்கம் வேறு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கிடையாக ஏறத்தாழ 3 மீட்டர் இடம் பெயர்ந்ததை அந்தமான் நில அளவை ஊழியர் அறிவர். அதற்கு முந்திய அளவைக் குறியைப் புதிய ஆயத்தொலைகளில் தேடுபவர், முதலில் பெயர்ச்சியைத் திருத்துவாரேயன்றி வட்டத்தைப் பெருக்கிக்கொண்டு போகார். வானத்திலும் அவ்வாறே. சென்னை வானாய்வுக் கூடத்தில் டெய்லர் 1830 முதல் 1843 வரை நோக்கி, 1844-இல் வெளியிட்ட பட்டியலில் 11,015 விண்மீன்கள் உள்ளன. ஆண்டுக்கு 50.3 விகலை வீதமுள்ள அயன சலனத்தால் 180 ஆண்டுகளில் ஆயத்தொலைகள் 2.5 பாகை நகர்ந்துவிட்டன. இதைத் திருத்திய பின்னரும் விண்மீனின் சுய இயக்கம் எஞ்சும். அந்தமானில் ஏப்ரல் மாத நள்ளிரவுக்குப் பின், மழைமேகம் வருமுன், தென்திசையில் தாழத் தோன்றும் ஆல்ஃபா சென்டாரி ஆண்டுக்கு 3.7 விகலை நகர்கிறது. 180 ஆண்டுகளில் 11 கலை. அத்துணை பெரிய வட்டம் வரைந்து கையாவில் தேடினால் ஆயிரக்கணக்கான மீன்கள் அகப்படும். ஆல்ஃபா சென்டாரி மட்டும் அகப்படாது. மிகு ஒளியுடைமையால் அது அப்பட்டியலில் இடம்பெறவேயில்லை. மிக அண்மையிலிருப்பதே இணை என்னும் விதியை நம்பினால், அயல்மீன் ஒன்று அதன் பெயரைச் சூட்டிக்கொண்டுவிடும்.

வகுப்பிற்கு ஒரு கணக்கு: பால்வீதித் திசையில் மீன்களின் நெருக்கம் சராசரியினும் பத்து மடங்கு எனக் கொள்க. அயற்பொருள் எண்ணிக்கை 0.38-ஐ மிகாதிருக்க, நமது வானொலி மூலத்திற்கு ஆரம் எவ்வளவு இருக்கலாம்? 6-ஐப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க, 1.9 விகலை. இது கூட்டுப்பிழையினுங் குறைவு. நூற்றுக்கு 64 உண்மை இணைகள் தப்பிவிடும். ஆகவே அங்கு இடத்தை மட்டுங் கொண்டு தீர்மானிக்க வழியில்லை. ஒளியளவையும் நிறத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.