பல நாடுகளுக்கு ஒரு கடை: பன்மொழி இணைய விற்பனையை அமைக்கும் முறை

பன்மொழி இணையக் கடையில் மொழி, நாடு என இரண்டு தனித்தனி அடுக்குகள் உண்டு. பெல்ஜியத்தில் டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றுமே ஆட்சிமொழிகள். ஜெர்மன் பேசும் சுவிட்சர்லாந்துக்காரர் ஃபிராங்கில் வாங்குகிறார், ஆஸ்திரியாக்காரர் யூரோவில். ஆஸ்திரியாவில் வாட் வரி 20 சதவீதம், ஜெர்மனியில் 19. மொழியை மாற்றினால் நாணயமும் வரியும் கூடவே மாறும்படி கட்டப்பட்ட கடை இரண்டாவது நாட்டிலேயே தடுமாறும். கரூரிலிருந்து படுக்கை விரிப்பும் தலையணை உறையும் ஐரோப்பிய வீடுகளுக்கு நேரடியாக விற்க முனையும் நிறுவனம் ஒன்றை வைத்துப் பார்த்தால் வேலையின் வரிசை புரியும்.

முதல் வேலை நாட்டையும் சரக்கையும் பொருத்துவது. ஜெர்மனியில் வழக்கமான தலையணை 80×80 செ.மீ. சதுரம், பிரான்சில் 65×65, பிரிட்டனில் 50×75 செவ்வகம். எவ்வளவு அழகான ஜெர்மனில் வர்ணித்தாலும் பிரிட்டன் உறைக்குள் ஜெர்மானியத் தலையணை நுழையாது. ஆகவே எந்த நாட்டுக்கு எந்த அளவு என்ற பட்டியல் மொழிபெயர்ப்புக்கு முன்பே தயாராக வேண்டும். அந்த நாட்டுக்குப் பொருந்தாத அளவுகள் அங்கே கண்ணில் படாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது மென்பொருள். ஷாப்பிஃபையின் மார்க்கெட்ஸ் வசதி, வூகாமர்ஸுக்கான பாலிலாங், மெஜெண்டோவின் ஸ்டோர் வியூ என வழிகள் பல. எதை எடுத்தாலும், ஒரு பொருளுக்கு எல்லா மொழிகளிலும் ஒரே சரக்குக் குறியீடும் ஒரே இருப்புக் கணக்கும் இருக்க வேண்டும். மொழிக்கொரு கடையாகப் பிரித்தால், இருப்பில் உள்ள கடைசி உறையை இரண்டு நாட்டுக்காரர்கள் ஒரே நாளில் வாங்கிவிடுவார்கள்.

ஒவ்வொரு மொழிப் பதிப்புக்கும் தனி இணைய முகவரி தேவை. நாட்டுக்கொரு டொமைன் வாங்கலாம். சிறு நிறுவனத்துக்கு ஒரே டொமைனின் கீழ் மொழிக்கொரு பிரிவு வைப்பதே செலவு குறைந்த வழி. வாடிக்கையாளரின் ஐபி முகவரியைப் பார்த்துத் தானாகத் திருப்பிவிடும் ஏற்பாடு வேண்டாம். கூகுளின் தேடல் நிரல் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வருவதால், மற்ற பதிப்புகள் அதன் கண்ணில் படாமலே போகலாம். ஒப்புதல் இல்லாமல் திருப்பிவிடுவதை ஐரோப்பிய ஒன்றியமும் 2018 டிசம்பரிலிருந்து தடை செய்திருக்கிறது. எந்தப் பதிப்பு வேண்டும் என்று பக்கத்தின் மேலே ஒரு சிறு பட்டையில் கேட்டால் போதும். எந்தப் பக்கம் எந்த மொழிக்கு என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஹெச்ரெஃப்லாங் குறிப்பில் ஒவ்வொரு பக்கமும் தன்னையும் மற்றப் பதிப்புகளையும் சுட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டி, மறுபக்கம் சுட்டாவிட்டால் அந்தக் குறிப்பு செல்லாது. மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கொடிகளைத் தவிர்த்து, மொழியின் பெயரை அந்த மொழியிலேயே எழுதுவது முறை.

மொழிபெயர்ப்பில் முகப்புப் பக்க வாசகங்களுக்குச் செலவிடும் அக்கறை பெரும்பாலும் வீண். அளவு, துணியின் கலவை, துவைக்கும் முறை, ரிட்டர்ன் விதி, ஆர்டர் உறுதிசெய்யும் மின்னஞ்சல் ஆகியவைதான் பணம் கட்டுபவர் உண்மையில் படிப்பவை. இயந்திர மொழிபெயர்ப்பை முதல் வரைவாக வைத்துக்கொண்டு, அந்த நாட்டில் வாழும், ஜவுளி தெரிந்த ஒருவரிடம் திருத்தம் வாங்கலாம். இழைக் கலவையை விற்கும் நாட்டின் ஆட்சிமொழியில் எழுத வேண்டும் என்பது ஐரோப்பிய ஜவுளி விதி. இது இணையப் பக்கத்துக்கும் பொருந்தும்.

விலையில் தவறு எளிதாக நேர்கிறது. ஜெர்மனியில் ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் இடுவார்கள்: 1.299,00. தசமத்துக்குப் புள்ளியிட்டு 12.990 என்று எழுதினால் அங்கே அது பன்னிரண்டாயிரத்துச் சொச்சமாகத் தெரியும். விலையை வாட் சேர்த்தே காட்ட வேண்டும்.

2021 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் சிறு பார்சல்களுக்கும் வாட் உண்டு. 150 யூரோ வரையுள்ள பார்சலுக்கு ஐஓஎஸ்எஸ் திட்டத்தில் பதிந்து, விற்கும்போதே வரியை வசூலித்துக் கட்டிவிடலாம். இந்திய விற்பனையாளர் அதற்கு ஒன்றியத்தில் உள்ள இடைத்தரகர் ஒருவரை அமர்த்த வேண்டும். பதியாவிட்டால், வாசலில் கூரியர்காரர் வரியும் சேவைக் கட்டணமும் கேட்பார்; வாங்கியவர் பார்சலைத் திருப்பி அனுப்பிவிடுவார். பிரிட்டனில் இந்த வரம்பு 135 பவுண்டு. அங்கே தனிப் பதிவு.

பணம் செலுத்தும் பக்கத்தில் கிரெடிட் கார்டு மட்டும் போதாது. நெதர்லாந்தில் ஐடீல், பெல்ஜியத்தில் பான்கான்டாக்ட், போலந்தில் பிளிக், ஜெர்மனியில் பேபால் ஆகியவை இல்லாவிட்டால் கூடையை நிரப்பியவர்கள் அப்படியே போய்விடுவார்கள். முகவரிப் படிவமும் அந்தந்த நாட்டுக்கு ஏற்ப மாற வேண்டும். ஆறு இலக்க பின்கோடு கேட்கும் பெட்டி ஜெர்மனியின் ஐந்து இலக்கத்தை ஏற்காது. பிரிட்டனின் குறியீட்டில் எழுத்துகளும் வரும். மாநிலத்தைக் கட்டாயமாகக் கேட்பதும் அங்கே தேவையற்றது.

சட்டத் தேவைகளில் ஜெர்மனி கறாரானது. கடைசிப் பொத்தானில், அழுத்தினால் பணம் தர வேண்டியிருக்கும் என்பது ஐயமின்றித் தெரியும் வாசகம் வேண்டும். இல்லையென்றால் நுகர்வோரை அந்த ஆர்டர் கட்டுப்படுத்தாது. நிறுவனத்தின் பெயர், முகவரி, தொடர்பு விவரம் அடங்கிய தனிப்பக்கம் வேண்டும். பொதியுறைகளுக்கு லூசிட் பதிவேட்டில் பதிவு வேண்டும். ஒன்றியம் முழுவதும், வாங்கியதிலிருந்து 14 நாளுக்குள் விலகிக்கொள்ளும் உரிமை நுகர்வோருக்கு உண்டு. 2024 டிசம்பர் 13 முதல், வெளிநாட்டுப் பொருளுக்கு ஒன்றியத்துக்குள் பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் முகவரியும் பொருள் பக்கத்தில் இடம்பெற வேண்டும்.

இந்தியப் பக்கத்தில் ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐஇசி எண்ணும், ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்ய எல்யுடி ஆவணமும் தேவை. படுக்கை, மேசை, சமையலறைத் துணிகள் 6302 என்ற சுங்கத் தலைப்பில் வரும். இந்தக் குறியீடு கூரியர் பில்லில் சரியாக இருந்தால் சுங்கத்தில் தாமதம் குறையும்.

திறப்பதற்கு முன், ஒவ்வொரு நாட்டிலும் தெரிந்தவர் ஒருவரை உண்மையான பணத்தில் ஓர் உறை வாங்கச் சொல்லி, அதைத் திருப்பி அனுப்பவும் சொல்ல வேண்டும். பார்சல் எத்தனை நாளில் சேர்ந்தது, வாசலில் கட்டணம் கேட்டார்களா, பணம் திரும்பியதா, இடையில் வந்த எந்த மின்னஞ்சல் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது என்பவற்றைக் குறித்துக்கொண்டு, அவற்றைச் சரிசெய்த பிறகு விளம்பரத்தைத் தொடங்கலாம்.