கார்பெட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

அன்புள்ள வாசகருக்கு,

ஐதராபாத் சைனிக்புரி வீட்டு முன்புறப் புல்தரை டிசம்பரில் பழுக்கத் தொடங்கி இப்போது வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் கொத்தி எடுத்துவிட்டு மெக்சிகன் புல் கார்பெட் விரித்துவிடலாம் என்று மாலி (தோட்டக்காரர்) சொல்கிறாராம். விரிக்கலாமா என்பது உங்கள் கேள்வி. வேண்டாம். இந்தப் பிப்ரவரியில் நிச்சயமாக வேண்டாம்.

முதலில் குளிர் மேல் போட்ட பழியைக் கொஞ்சம் குறைப்போம். ஐதராபாத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 6.1 டிகிரி. அதுவும் 1946 ஜனவரியில். பட்டான்செரு, ராஜேந்திரநகர் பக்கம் சில இரவுகளில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். நகரத்துக்குள் ஜனவரி இரவு பெரும்பாலும் 15 டிகிரியை ஒட்டித்தான். அருகம்புல்லை வேரோடு சாகடிக்க இந்தக் குளிர் போதாது. இரவு குளிர்ந்து பகலில் வெயில் சுள்ளென்று அடித்தால் இலையின் பச்சை வெளுக்கும், வளர்ச்சி நின்றுபோகும், அவ்வளவுதான். கூடவே இன்னொன்று நடக்கிறது. அக்டோபரோடு மழை விடைபெறுகிறது, தக்காணத்துக் காற்று காய்ந்து போகிறது, நாமோ குளிர்காலம்தானே என்று குழாயையும் மூடிவிடுகிறோம். ஜனவரியில் காயும் புல்தரைகளில் பாதிக்குக் காரணம் இந்த மூடிய குழாய்தான் என்பது என் கணிப்பு.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வீடு வடக்குப் பார்த்தது. வீட்டுச் சுவரை ஒட்டிய பட்டைதான் ரொம்ப மோசம், தெருவோரம் ஓரளவு பச்சையாகவே இருக்கிறது. இதில் நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. நிழல்! ஐதராபாத் இருப்பது 17.4 டிகிரி வடக்கு அட்சரேகையில். டிசம்பர் கடைசியில் உச்சி வேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்து 49 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 10 மீட்டர் உயர வீட்டின் நிழல் அப்போது வடக்குப் பக்கம் எட்டரை மீட்டர் நீளும். உங்கள் புல்தரையின் முக்கால் பங்கு அதில் அடங்கிவிடும். மார்ச் 21 வாக்கில் அதே நிழல் 3 மீட்டராகச் சுருங்கிவிடும். மே இரண்டாம் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்போது உச்சி வேளை நிழலே இருக்காது. அருகம்புல்லுக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். டிசம்பர், ஜனவரியில் அந்தப் பட்டைக்கு அதில் பாதிகூடக் கிடைத்திருக்காது. பிப்ரவரியில் கார்பெட் விரித்தாலும் அடுத்த டிசம்பரில் அதே இடம் அதே போல் பழுக்கும். மாலி மறுபடியும் வருவார்.

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். பழுத்த பகுதியில் நாலைந்து இடங்களில் ஒரு கொத்து பிடுங்கி, தரையோடு ஓடும் தண்டை நகத்தால் கீறுங்கள். உள்ளே வெளிர்ப் பச்சையோ பால் வெள்ளையோ தெரிந்தால் உயிரோடு இருக்கிறது. பழுப்பாக, ஒடித்தால் சுள்ளி போல முறிந்தால் போய்விட்டது. சந்தேகமாக இருந்தால் அந்தக் கொத்தை ஒரு தொட்டியில் நட்டு, வெயிலில் வைத்துத் தண்ணீர் விடுங்கள். இரண்டு வாரத்தில் கணுவில் முளை தெரியும். கல்யாணத்தில் ‘அருகு போல் வேரோடி’ என்று பெரியவர்கள் வாழ்த்துவது சும்மா இல்லை.

இனி வேலை. இரவுக் குளிர் விலகும் பிப்ரவரி கடைசி வாரத்தில் தொடங்குங்கள். உங்களுடையது அருகம்புல் வகை என்றால் (நர்சரிக்காரர்கள் செலக்‌ஷன் ஒன் என்று விற்பதும் அதுதான்) பழுத்த இலையை ஒட்ட வெட்டி, அடியில் மெத்தையாகப் படிந்திருக்கும் சருகைக் கம்பி வாரியால் சுரண்டி எடுங்கள். அகல இலைப் புல்லாக இருந்தால் ஒட்ட வெட்டாதீர்கள். அதன் உயிர் தரைக்கு மேலே ஓடும் தண்டில்தான் இருக்கிறது, அதையும் சேர்த்துச் சீவிவிடுவீர்கள். அடுத்தது நிறையப் பேர் விட்டுவிடுகிற வேலை: மண்ணில் துளை போடுவது. கிரானைட் பாறை மக்கி வந்த செம்மண் இது, ஆள் நடந்து நடந்து சிமெண்ட் தரையாக இறுகிவிடும். நல்ல ஈரமாக்கி, மறுநாள் முள் மண்வெட்டியை ஒரு சாண் இடைவெளியில் குத்தி லேசாக அசைத்து எடுங்கள். நடைபாதை ஓரத்தில் நெருக்கமாகக் குத்துங்கள். அதன்மேல் ஆற்று மணலும் நன்றாகச் சலித்த மண்புழு உரமும் கலந்து அரை சென்டிமீட்டர் தூவிப் பெருக்கிவிட்டால் துளைகளுக்குள் இறங்கிவிடும்.

லாரிச் செம்மண்ணும் பாதி மக்கிய சாணமும் கொண்டுவந்து கொட்டலாம் என்று யாராவது சொன்னால் வாசலிலேயே நிறுத்துங்கள். செம்மண்ணோடு கோரைக் கிழங்கு வரும், சாணத்தோடு வேர்ப்புழு வரும். கோரை ஒருமுறை குடியேறினால் வீட்டை விற்கும்வரை கூடவே இருக்கும்.

யூரியாவுக்கு அவசரப்படாதீர்கள். பழுத்த புல்லுக்குப் போட்ட யூரியா காற்றுக்கும் களைக்கும்தான் போகும். பச்சை பாதியளவு திரும்பிய பிறகு 100 சதுர மீட்டருக்கு 1 கிலோ, மாலையில் தூவி உடனே தண்ணீர். போதும்.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைப் புல்லுக்கு விடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். சிக்கனம் நல்லதுதான். ஆனால் போர்வெல் தண்ணீரின் உப்பு முழுவதும் செறிந்து வருவது அந்தக் கழிவில்தான். மண்மேல் வெள்ளைப் படலம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அந்தத் தண்ணீரைத் தரை கழுவத் திருப்பிவிட்டு, புல்லுக்கு இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரைத் தேங்கும் அளவுக்குப் பாய்ச்சி உப்பைக் கீழே இறக்குங்கள்.

ரை புல் விதை தூவினால் பத்து நாளில் பச்சை என்று அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகன் சொல்கிறாராம். பொய் இல்லை. ஜார்ஜியாவின் அகஸ்டா கோல்ஃப் மைதானத்திலேயே அருகம்புல்மேல் ரை தூவித்தான் அந்தப் பச்சையைக் காட்டுகிறார்கள். ஆனால் ரை குளிர் நாட்டுப் புல், நம் ஏப்ரலைத் தாங்காது. அதுவரை அருகம்புல்லின் வெயிலையும் தண்ணீரையும் பிடுங்கித் தின்றுவிட்டுப் போகும். உப்பல் கிரிக்கெட் மைதானத்தைப் பாருங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. 2024 ஐ.பி.எல்.லில் சிறந்த ஆடுகளம், மைதானத்துக்கான பரிசு அதற்குத்தான் கிடைத்தது. ஆனால் அங்கே பராமரிப்புக்கென்றே ஒரு படை இருக்கிறது, தெற்கே மூன்று மாடி வீடு இல்லை.

தண்ணீர்க் கணக்கைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் என்று வைத்தாலும் 100 சதுர மீட்டருக்கு 500 லிட்டர். ஏப்ரல், மேயில் இன்னும் கேட்கும். நம் குழாயில் வரும் கிருஷ்ணா தண்ணீர் நாகார்ஜுன சாகர் பக்கமிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் பம்ப் செய்யப்பட்டு மேடேறி வருவது. சுவரை ஒட்டிய அந்த 3 மீட்டர் பட்டையைப் புல்லிடமிருந்து வாங்கிவிடுங்கள் என்பது என் யோசனை. பெரணி, மணி பிளாண்ட், கல் பாவிய நடை, ஒரு பெஞ்சு, எதுவும் வைக்கலாம். மீதிக்கு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு சாண் ஆழம் நனையும்படி விடிகாலையில் விடுங்கள். தினம் மேலாகத் தெளித்தால் வேரும் மேலாகவே நிற்கும், மே வெயிலில் முதலில் கருகுவது அந்த வேர்தான்.

புதுக் கார்பெட்டை நான் வேண்டாம் என்பதற்கும் அதே காரணம்தான். பிப்ரவரியில் விரித்த துண்டு வேர் இறங்கும் முன்பே 40 டிகிரியில் மாட்டிக்கொள்ளும். ஜூன் இரண்டாம் வார வாக்கில் பருவமழை வரும். நாலு மழைக்குப் பிறகும் சொட்டையாக இருக்கும் இடங்களை மட்டும் அளந்து, அதற்கு மட்டும் துண்டு வாங்குங்கள். தெருவோரத்துப் பச்சையிலிருந்தே தண்டு வெட்டி நட்டால் அதுவும் தேவைப்படாது. அதுவரை மாலிக்கு அவருடைய மாதச் சம்பளத்தைக் கொடுங்கள். கார்பெட்டுக்கான முன்பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தோட்டப் பகுதி எழுத்தாளர்