வானில் காக்கப்படும் இடைவெளி

முன்னுரை

வானம் பரந்து விரிந்தது என்பது நம் பொதுவான எண்ணம். ஆயின் ஒரு விமான நிலையத்தை நெருங்கும் விமானங்களுக்கு அது மிகவும் குறுகியது. பல திசைகளிலிருந்து வருவன யாவும் இறுதியில் ஒரே ஓடுபாதையின் முனையை வந்தடைய வேண்டும். அவற்றை வரிசைப்படுத்தி இறக்குபவர், தரையில் ராடார் திரையின் முன் அமர்ந்திருக்கும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். அவரது பணிச்சுமைக்கும் பயணிகளின் பாதுகாப்பிற்கும் உள்ள தொடர்பை ஈண்டு ஆராய்வோம்.

இடைவெளியின் அளவு

பன்னாட்டு விதிகளின்படி, ராடார் கண்காணிப்பில் இரு விமானங்களுக்கு இடையே பொதுவாக 5 கடல் மைல் இடைவெளி வேண்டும். விமான நிலையத்தை அடுத்த பகுதியில், ராடாரின் திறன் இடந்தருமாயின், அது 3 கடல் மைலாகக் குறையலாம். இவ்விடைவெளி இல்லாதபோது, உயரத்தில் பொதுவாக 1,000 அடி வேறுபாடேனும் இருத்தல் வேண்டும். பெரிய விமானம் தன் பின்னே வலிய காற்றுச் சுழலை விட்டுச் செல்வதால், அதனைத் தொடரும் நடுத்தர விமானத்திற்கு 5 கடல் மைலும், சிறிய விமானத்திற்கு 6 கடல் மைலும் தேவைப்படுகின்றன. மணிக்கு 150 கடல் மைல் வேகத்தில் இறங்கும் விமானம் 3 கடல் மைலை 72 விநாடிகளில் கடந்துவிடும்.

சுமை பெருகும் விதம்

திரையில் 5 விமானங்கள் இருப்பின், ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டிய இணைகள் 10. விமானங்கள் 10 ஆயின் இணைகள் 45. எல்லா இணைகளும் மோதும் நிலையில் இருப்பதில்லை. எனினும் அவ்வாறு இல்லை எனத் தெளிவதற்கே கவனம் வேண்டும். மேலும், ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச இயலும். கட்டுப்பாட்டாளர் கட்டளை இடுவார். விமானி அதனைத் திருப்பிச் சொல்வார். அது சரியா என மீண்டும் செவிமடுக்க வேண்டும். இதனாலேயே வான்பரப்பைக் கூறுகளாகப் பிரித்துப் பலரிடம் ஒப்படைக்கின்றனர். நெரிசல் மிகின், வரும் விமானங்களை வானில் வட்டமிடச் செய்கின்றனர். புறப்பட வேண்டியவற்றைப் புறப்படும் இடத்திலேயே நிறுத்தியும் வைக்கின்றனர்.

ஊபர்லிங்கன் தரும் பாடம்

எண்ணிக்கை மட்டுமே சுமையன்று. 2002 ஜூலை 1 இரவு, தென் ஜெர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே நிகழ்ந்த விபத்து இதற்குச் சான்று. அவ்வான்பகுதியைச் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நிலையம் கவனித்து வந்தது. பணியில் இருந்த இருவருள் ஒருவர், அங்கு நெடுநாள் நிலவிய வழக்கப்படி, ஓய்வுக்குச் சென்றிருந்தார். மற்றவர் தனியராய் இரு திரைகளையும் இரு அலைவரிசைகளையும் கவனித்தார். பராமரிப்புப் பணியால், மோதல் அபாயத்தைத் திரையில் காட்டும் வசதியும் நேரடித் தொலைபேசியும் செயற்படவில்லை. அவ்வேளை ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபன் நிலையத்தில் இறங்கத் தாமதமாக வந்த ஒரு விமானத்திற்காக, அந்நிலையத்தை அவர் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார், இணைப்புக் கிட்டவில்லை. மறு திரையில், 36,000 அடி உயரத்தில் இரு விமானங்கள் ஒன்றையொன்று நெருங்கின.

அதனைக் கண்டதும் ரஷிய விமானத்தைக் கீழிறங்கப் பணித்தார். அவ்விமானத்திலிருந்த எச்சரிக்கைக் கருவியோ மேலேறச் சொன்னது. விமானிகள் மனிதக் குரலையே பின்பற்றினர். மற்ற விமானம் தன் கருவியின் சொற்படி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் மோதியதில் 71 பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் சிறார்.

பொறுப்பு யாருடையது?

குடும்பத்தை இழந்த ஒருவர், 2004-இல் அக்கட்டுப்பாட்டாளரைக் கொன்றார். அவ்வாண்டு வெளிவந்த ஜெர்மானிய விசாரணை அறிக்கையோ, அவர் அபாயத்தைக் காலத்தில் உணரவில்லை என்று கூறியதோடு, இரவில் ஒருவரே பணிபுரியும் வழக்கத்தை நிர்வாகம் பொறுத்துக்கொண்டதையும் சுட்டியது. 2007-இல் சுவிஸ் நீதிமன்றம் அந்நிறுவனத்தைச் சேர்ந்த நால்வரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. கருவியும் மனிதரும் முரண்படின் கருவியின் சொல்லையே விமானி ஏற்க வேண்டும் என்னும் விதியும் பின்னர்த் தெளிவாக்கப்பட்டது.

முடிவுரை

நெரிசல் மிக்க வேளையில் துணைக்கு ஆள் வைப்பது எவர்க்கும் தோன்றும். விமானங்கள் குறைந்த அமைதியான இரவில், "ஒருவர் போதும்" என்று எண்ணும் இடத்திலேதான் ஆபத்து பதுங்குகிறது. மனிதக் கவனத்திற்கு ஓர் எல்லை உண்டு. விமானங்களுக்கு இடையே இடைவெளி வேண்டுவது போன்றே, அவற்றைக் காப்பவரின் பணிகளுக்கு இடையேயும் இடைவெளி வேண்டும். தவறியவரைத் தேடுவதற்கு முன், அவர் தோளில் ஏற்றிய சுமை எவ்வளவு என அளந்தறிதல் நம் கடமையாகும்.